லெனார்ட் கிரபோவ்ஸ்கியின் மேசை

இறந்து ஐந்து மாதம் ஆன லெனார்ட் கிரபோவ்ஸ்கி, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வழக்கம்போல ஓடிவந்து சரடோகா குதிரைப் பந்தயத் திடலில் மேசை பிடித்தார். மேப்பிள் மரத்தடியில், நடைபாதையிலிருந்து மூன்றாவது மேசை. உயிரோடு இருந்தபோதும் அவருக்கு அதேதான். நீலக் கட்டம் போட்ட விரிப்பை உதறி விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு, ஓடுபாதை வேலிப் பக்கம் நடந்துபோய்க் கூட்டத்தில் மறைந்தார். வாயில் காவலர்கள் தடுக்கவில்லை. வரிசையில் ஒழுங்காக நின்று வந்தவரை எதைச் சொல்லித் தடுப்பது?

அங்கே மேசை பிடிப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. குதிரைகள் ஓட மதியம் ஒரு மணியாகும். அதற்கு முன்னால், கதவு திறந்ததும், வங்கி அதிகாரியும் கொத்தனாரும் கையில் விரிப்போடு தலைதெறிக்க ஓடுவார்கள். விரிப்பு விழுந்துவிட்டால் அன்று முழுக்க அந்த மேசையை வேறு யாரும் தொடமாட்டார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பாடு கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு சாவகாசமாகத் திரும்பலாம். அன்று திடலில் எள் போட்டால் எள் விழாது. லெனார்டின் மேசை மட்டும் காலியாகக் கிடந்தது. பக்கத்து மேசைக்காரர் கஸ் பெலெட்டியருக்கு மனசு கேட்கவில்லை. டிராய் நகரத்தில் இருந்த லெனார்டின் மனைவி டோரீனுக்குப் போன் போட்டார்.

“டோரீன், லென் மேசை பிடிச்சு வச்சிருக்காரு. நீங்க எப்ப வர்றீங்க?”

“செத்த பிறகும் அந்த மனுசனுக்கு மேசைதானா?” என்றாள் டோரீன். எந்த விரிப்பு என்று மட்டும் கேட்டாள். நீலக் கட்டம் என்றார் கஸ். மகள் மர்லா சவப்பெட்டியில் அப்பாவின் காலடியில் மடித்து வைத்த விரிப்பு அது. டோரீன் போனை வைத்துவிட்டாள்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. இருபத்தாறு வருடம், வருடத்துக்கு ஒரு நாள், குடும்பத்தோடு பந்தயம் பார்க்க வருவார்கள். லெனார்ட் மேசையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, பந்தயத் தாளைச் சுருட்டிக்கொண்டு வேலியோரம் போய் நின்றால் கடைசிக் குதிரை ஓடி முடித்த பிறகுதான் திரும்புவார். மர்லாவுக்கும் மகன் கீத்துக்கும் பல் முளைத்து, விழுந்து, மறுபடி முளைத்து, மீசையும் கல்யாணமும் வந்தன. நாலு பேருமாக அந்த மேசையில் ஒரு வேளை சாப்பிட்டதில்லை. கேட்டால், மேசை பிடிச்சுக் கொடுத்தேனே, இன்னும் என்ன என்பார். அந்தப் பதிலையும் அவரோடு சேர்த்துப் புதைத்தாயிற்று என்றுதான் டோரீன் நினைத்திருந்தாள்.

மூன்று வருடம் அவள் வரவில்லை. அவர் வந்தார், பிடித்தார், போனார். மழை பெய்த வருடத்தில் சுற்றிலும் சேறாகியும் அந்த விரிப்பு நனையவில்லை. ஊர் பழகிக்கொண்டது. நான்காவது வருடம், அறுபத்தொரு வயதில், இடது முழங்கால் வலியோடு, டோரீன் ஓட்டக்காரர்கள் போடும் ஷூ ஒன்று வாங்கினாள். மர்லா பயந்துபோய்க் கேட்டபோது சொன்னாள்: “உங்கப்பன ஒரு தடவையாவது எங்கூட உக்கார வைக்கணும்டி. அது நடக்காம எனக்குச் சாவு வராது.”

வரிசையில் அவளுக்கு எட்டு பேருக்குப் பின்னால் லெனார்ட் நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு திறந்தது. டோரீன் ஓடினாள். செத்தவருக்கு ஏது முழங்கால் வலி, மேப்பிள் மரத்தை நெருங்கும்போது அவர் அவளைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தார். அவள் மஞ்சள் விரிப்பை இரண்டு கை தூரத்திலிருந்தே வீசினாள். கோணலாகத்தான் விழுந்தது, ஆனாலும் விழுந்தது. லெனார்ட் கையில் நீல விரிப்போடு நின்றார். அந்த இடத்துக்கு அவர் ஒருநாளும் இரண்டாவதாக வந்ததில்லை. அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

“மேசை பிடிச்சாச்சு, லென்,” என்றாள் டோரீன், மூச்சு வாங்க. “உனக்கு இனி வேலை இல்ல. உக்காரு.”

உட்கார்ந்தார். மதியம் மர்லாவும் கீத்தும் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் கொண்டுவந்து நாலு தட்டு வைத்தார்கள். சாலடில் உப்பு கம்மி என்றார் லெனார்ட். குதிரைகள் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டினாரே தவிர, எழுந்திருக்கவில்லை. ஐந்தாவது பந்தயத்தின்போது டோரீன் அழுதாள், சந்தோஷத்தில்தான். அவர் நீல விரிப்பின் ஒரு மூலையைக் கொடுத்தார், முகம் துடைக்க. கடைசிப் பந்தயம் முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாகக் கிளம்பிப் போனார்.

பிறகு வருடாவருடம் அப்படியே நடந்தது. டோரீனின் முழங்கால் மட்டும் மோசமாகிக்கொண்டே வந்தது. போன ஆகஸ்டில் அவள் கைத்தடியோடு ஓடினாள். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. லெனார்ட் அவளைத் தாண்டிப் பத்தடி முன்னால் போனவர், சட்டென்று நின்று, குனிந்து, அவள் கடந்து போகும்வரை ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஓடிவந்த கஸ் பார்த்தார்: லெனார்ட் போட்டிருந்த ஷூவில் கயிறே இல்லை.