நகப்பாலிஷ் பொட்டு

"கையை எடு மாஸ்டர், அது என் பொருள்!"

"அக்கா, மொதல்ல நான் சொல்றத..."

"என்னத்தச் சொல்லப்போற? தலைவருக்கு போன் போட்டாச்சு. வந்துக்கிட்டிருக்காரு."

லேப்டாப்பின் ஒரு முனையைச் செர்வாவும் மறுமுனையை அதைப் பழுதுபார்க்கும் போவாடியும் பிடித்திருந்தார்கள். அடிமூடி கழன்று கிடந்தது. கானா நாட்டுக் குமாசிச் சந்தையின் இந்தச் சந்தில் திருட்டுப் பட்டம் வாங்கியவனுடைய மேசையைச் சங்கத் தலைவர் அன்றைக்கே தூக்கிவிடுவார். பதினோரு வருஷமாகப் போவாடிக்குச் சோறு போட்டது அந்த ஒற்றை மேசைதான்.

"சார்ஜர் சொருகுற எடம் ஆடுதுன்னுதானே குடுத்தேன்? வாழைப்பழ வறுவல் வாங்கிட்டு வர்றதுக்குள்ள என் மெமரியக் கழட்டிட்டு எவனோடதையோ மாட்டிட்டே! நாளைக்கு மூணு சாவுக்கு நான் போஸ்டர் போடணும்!"

"அதே மெமரிதான் அக்கா."

"அப்போ என் பொட்டு எங்க? நகப்பாலிஷ்ல நானே வச்சேன். உன்ன மாதிரி ஆளுக்குப் பயந்துதான் வச்சேன்."

போவாடி குனிந்து பார்த்தான். மெமரியின் பச்சைத் தகடு பளிச்சென்று இருந்தது. புதுச் சாக்கெட்டைப் பற்றவைத்ததும், சிந்திய பசையைப் பழைய பல் பிரஷ்ஷால் தின்னர் தொட்டுத் தேய்த்தவன், கையோடு மெமரியையும் கழற்றித் தேய்த்திருந்தான். சுத்தமாகக் கொடுத்தால் ஆள் மறுபடி வரும் என்று ஒரு நினைப்பு.

"அய்யோ, தின்னர்!"

"கதை விடாதே."

"பாலிஷ் அதுல கரையும் அக்கா. பிரஷ்... அந்தப் பல் தேய்க்கிற பிரஷ் எங்க?"

மேசைமேல் இல்லை. இழுப்பறையைக் கவிழ்த்தான். திருகாணிகள் நாலாபுறமும் ஓடின.

"நீ ஓடப் பாக்காதே" என்றாள் செர்வா.

சந்து முனையில் தலைவரின் தொப்பி தெரிந்தது. பின்னால் பத்துப் பேர். போவாடி மண்டியிட்டுத் துழாவினான். பிரஷ் அவள் செருப்பை ஒட்டிக் கிடந்தது. நுனி சிவந்து விறைத்திருந்தது.

"விரல நீட்டுங்க."

நீட்டினாள். நகத்தில் அதே நிறம். பிறகு மெமரியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஓரத்து வெட்டில், பிரஷ் எட்டாத இடத்தில், கடுகளவு சிவப்பு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள், அது நகத்தோடு வந்தது.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அக்கா."

"நீ ஒரு வார்த்த சொல்லிட்டுத் தொடச்சிருக்கலாமே!"

அதற்குள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. தலைவர் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார்.

"நீதானம்மா போன் பண்ணினது? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு, எந்த மேசையத் தூக்கணும்?"