நடத்தாமல் விட்ட பாடம்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ஹெஃபா என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்பானிஷ் மொழியில் அதற்கு முதலாளியம்மா என்று அர்த்தம். அவள் முதலாளியும் இல்லை, முதலாளிக்குச் சொந்தமும் இல்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பன்னிரண்டு வருஷம் பிரித்து, துவைத்து, மடித்து, கால் நரம்பெல்லாம் புடைத்த பிறகு சூப்பர்வைசர் ஆனவள்.

அவள் சூப்பர்வைசரான வருஷத்தில்தான் ஸ்பானிஷ் பேசும் பெண்கள் பதினாலு பேர் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு இந்த ஊர் மொழி ஒரு வார்த்தை தெரியாது. அவளுக்கு அவர்கள் மொழி தெரியாது. முதல் மாதம் முழுக்க ஊமைப்படம்தான். எடு என்று கையைக் காட்டினால் அவர்கள் வைத்தார்கள். வை என்று காட்டினால் கும்பிடு போட்டார்கள். ஆஸ்பத்திரி விரிப்பு ஹோட்டலுக்குப் போய், அங்கிருந்து வசவு வந்த அன்று, மேனேஜர் ஒரு டீச்சரை ஏற்பாடு செய்தார். சாப்பாட்டு அறையில் வாரம் ஒரு வகுப்பு, மொத்தம் பத்து வகுப்பு.

டீச்சர் சின்னப் பெண். முதல் நாள் நலம் விசாரிப்பதிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள்.

"இங்க நலம் விசாரிக்க யாருக்கும்மா நேரம்?" என்றார் மேனேஜர். "வா, போ, எடு, வை. இது வந்தாப் போதும்."

"மரியாதையாவா, சாதாரணமாவா சார்? வாங்கன்னு சொல்றதுக்கு ஒரு ரூபம், வான்னு சொல்றதுக்கு ஒரு ரூபம்."

"எது சின்னதோ அதைச் சொல்லிக் குடுங்க."

வா-போ என்று ஏவுவது ஸ்பானிஷ் மொழியில் இவ்வளவு சுளுவாக இருக்கும் என்று ஹெஃபா எதிர்பார்க்கவே இல்லை. 'அவள் பேசுகிறாள்' என்பதற்கு ஆப்லா. அதையே ஆளின் முகத்தைப் பார்த்துச் சொன்னால் 'பேசு'. 'அவள் சாப்பிடுகிறாள்' என்பதற்கு கோமே. முகத்தைப் பார்த்துச் சொன்னால் 'சாப்பிடு'. அவ்வளவுதான். இந்த விதிக்கு அடங்காத குட்டி வார்த்தைகள் எட்டு இருந்தன. அவற்றை நெட்டுருப் போட வேண்டும் என்றாள் டீச்சர். பென் என்றால் வா. சால் என்றால் வெளியே போ. போன் என்றால் வை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னபோது, பஸ் ஓட்டிக் களைத்துப்போய் வந்திருந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். "போன்னா வையா? அப்ப போனை வைன்னா வையை வையா?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவர்கள் அப்படிச் சேர்ந்து சிரித்து வெகுநாளாகியிருந்தது.

ஆறாம் வகுப்பு முடிந்ததும் டீச்சர் ஒரு தாளைக் கொடுத்தாள். "அடுத்த வாரம் 'செய்யாதே'. அது கொஞ்சம் வில்லங்கம். 'வை'க்கு முன்னால ஒரு 'நோ' போட்டா 'வைக்காதே' ஆகிடாது. வினையே வேற உருவம் எடுக்கும். நாமளும் 'இல்லை வை'ன்னா சொல்றோம்? 'வைக்காதே'ன்னு மாத்தித்தானே சொல்றோம்?"

கதவோரம் நின்றிருந்த மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "செய்யச் சொல்லத்தான் பாஷை வேணும். செய்யாதேன்னு சொல்லக் கையை ஆட்டினாப் போதாதா? இத்தோட நிறுத்திக்கலாம்மா. ரொம்ப தேங்க்ஸ்."

வகுப்பு அத்தோடு நின்றது. தாளை ஹெஃபா தன் அலமாரியில் செருகி வைத்தாள். பிறகு திறந்து பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு வருஷம் அந்த ஆறு வகுப்பை வைத்தே கூடத்தை நடத்தினாள். உள்ளதைச் சொன்னால், அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிறந்த வீட்டில் அண்ணன்மார் ஏவினார்கள், புகுந்த வீட்டில் நாத்தனார் ஏவினாள், வேலையில் வந்தவன் போனவன் எல்லாம் ஏவினான். இங்கே அவள் ஒற்றை அசை சொன்னால் பதினாலு பேர் அசைந்தார்கள்.

அந்தப் பதினாலு பேரில் ஒருத்தியைத்தான் அவளுக்கு நிஜமாகத் தெரியும். ஒல்லியாக, குள்ளமாக, வாய் ஓயாமல் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். ஹெஃபா அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தாள். குருவிக்கு உருளை மெஷினில் வேலை. ஈர விரிப்பை விளிம்பு பிடித்து உள்ளே கொடுத்தால், சூடான பெரிய உருளைகள் அதை இழுத்து இஸ்திரி போட்டு அந்தப் பக்கம் தள்ளும். அதன்பிறகு மேசையில் போட்டு மடிக்க வேண்டும். மடிக்கும்போது சுருக்கம் விழுந்தால் ஹெஃபா பக்கத்தில் வந்து, "போன் லா மானோ" என்பாள். கையை வை. குருவி உள்ளங்கையை வைத்து நீவுவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இது நடக்கும்.

ஒரு நாள் குருவி போனைக் காதில் வைத்தபடி சுவரோரம் குந்தி அழுதுகொண்டிருந்தாள். ஹெஃபா போய் நின்றதும் நீளமாக ஏதோ சொன்னாள். 'மாமா' என்ற வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் ஹெஃபா. அந்த மொழியில் மாமா என்றால் அம்மா என்பது அவளுக்குத் தெரியாது. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. தன் டப்பாவிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டி, "கோமே" என்றாள். சாப்பிடு. குருவி அழுகையினூடே அவளை நிமிர்ந்து பார்த்து, ரொட்டியை வாங்கிக் கடித்தாள்.

உருளைக்கு முன்னால் குறுக்காக ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். கை மட்டுமா, விரிப்பு கொஞ்சம் தடித்து வந்தாலும் நின்றுவிடும். ஒரு ஷிப்டில் நாற்பது தடவை நின்று கிளம்பினால் லாரி எப்படி நேரத்துக்குப் போகும்? மேனேஜர் ஹெஃபாவைக் கூப்பிட்டு, "அதைக் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டிடும்மா" என்றார். கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு நாடாவைக் கிழித்து அவளே கட்டினாள். முடிச்சு அவள் போட்டதுதான்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. டீ குடித்துவிட்டு எல்லோரும் திரும்பிய நேரம். மெஷின்கள் எல்லாம் ஒன்றாக இரைந்துகொண்டிருந்தன. ஹெஃபா பத்தடி தள்ளி வண்டியிலிருந்த மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் திரும்பியபோது, உருளைக்குள் போகும் விரிப்பின் ஒரு முனை மடங்கிக்கொள்வதும், குருவியின் கை அதை நேராக்கப் போவதும் தெரிந்தது. அதற்கு முன் எத்தனையோ தடவை குருவி கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டிருக்கிறாள். இப்போதும் கை பாதியில் தயங்கி நின்றது.

ஹெஃபா கத்தினாள். "நோ போன் லா மானோ!"

அந்த இரைச்சலில் 'நோ' கரைந்துவிட்டது. மிச்சம் மட்டும் போய்ச் சேர்ந்தது. கையை வை. தினம் முப்பது தடவை அதே வாயிலிருந்து வரும் அதே சொல். குருவி கையை வைத்தாள்.

மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் வரை ஹெஃபா ஓடிய தூரம் பத்தடிதான். அதற்குள் மூன்று விரல்கள் போய்விட்டன.

விசாரணைக்குப் பத்து நாள் இருந்தது. முதல் வேலையாக மேனேஜர் தன் கையாலேயே கம்பியிலிருந்த நாடாவை அவிழ்த்தெடுத்தார். பிறகு ஹெஃபாவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீ என்ன சொன்னே அன்னிக்கு?"

சொன்னாள்.

"அது சரியா?"

"தெரியலை சார்."

"டீச்சர் குடுத்த தாள் இருக்குமே. பாரு. சரியா எப்படிச் சொல்லணுமோ, அப்படித்தான் நீ சொன்னே. அவதான் கேக்கலை. புரியுதா? இல்லேன்னா உன் வேலையும் போகும், முடிச்சுப் போட்டது யாருங்கற பேச்சும் வரும்."

தாள் அலமாரியிலேயே இருந்தது. மறுநாள் காலை அடுப்படியில் நின்றபடி அதைப் படித்தாள். 'வை' என்பது போன். 'வைக்காதே' என்பது நோ போங்காஸ். டீச்சர் சொன்னது சரிதான், வினையே வேறாக இருந்தது. 'நோ'வை இரைச்சல் விழுங்கியிருந்தாலும் 'போங்காஸ்' என்பது காதில் விழுந்திருந்தால் குருவியின் கை நின்றிருக்கும். அந்த மொழிக்காரர்கள் ஆபத்து தெரிந்துதான் இப்படி இரட்டைத் தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

புருஷன் வந்து அடுப்பை அணைத்தார். "என்னம்மா அது வாய்க்குள்ளேயே?"

"நோ போங்காஸ் லா மானோ."

விஷயம் முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை. "போங்காஸாம். பேருக்கேத்த போங்காட்டம்தான்" என்றார். பிறகு பஸ் சாவியை எடுத்தபடி, "வீட்டு லோனை நினைச்சுக்கோ. நான் வேற என்னத்தைச் சொல்ல" என்று போய்விட்டார். பொய் சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. ஒரு அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், மேனேஜர், ஹெஃபா, எதிரே குருவி. குருவியின் வலது கை வெள்ளைக் கட்டுக்குள் சிறுத்துத் தெரிந்தது. அவள் எதையும் முணுமுணுக்கவில்லை.

"அவங்க கையைக் கொண்டு போனப்ப நீங்க என்ன சொன்னீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"நோ போங்காஸ் லா மானோ."

பிசிறில்லாமல் வந்தது. மொழிபெயர்ப்பாளர் தலையை ஆட்டினார். "சரியான வாக்கியம் சார். கையை வைக்காதேன்னு அர்த்தம்."

குருவி முதலில் புரியாதவள் போல ஹெஃபாவைப் பார்த்தாள். பிறகு புரிந்தது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மளமளவென்று பேசினாள். மொழிபெயர்ப்பாளர் பின்னாலேயே ஓடினார்.

"சூப்பர்வைசரம்மாவுக்கு அந்த வார்த்தையே தெரியாதுங்கறாங்க. ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட எதையும் செய்யாதேன்னு சொன்னதில்லையாம். செய், செய், செய் மட்டும்தானாம். இதை இப்பத்தான் கத்துக்கிட்டு வந்திருக்காங்கன்னு சொல்றாங்க."

அதிகாரி ஹெஃபாவின் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

மேனேஜர் இருமினார். "பத்து வகுப்புக்கு ஏற்பாடு பண்ணின ரசீது இருக்கு சார். ஃபைல்ல வெச்சிருக்கேன்."

"ஏம்மா, உங்களுக்கு அப்பவே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றாள் ஹெஃபா.

டீச்சரைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. தொழிலாளி எச்சரிக்கையை மீறிக் கையை வைத்தார் என்று எழுதி முடித்தார்கள். குருவிக்குக் கிடைத்தது மருந்துச் செலவும், இனிமேல் வர வேண்டாம் என்ற ஒரு தாளும்தான். ஹெஃபாவுக்கு வேலை நிலைத்தது. ஸ்பானிஷ் தெரிந்தவள் என்று பக்கத்துக் கூடத்தையும் சேர்த்து அவளிடமே கொடுத்தார்கள்.

அதன்பிறகு அவளுக்கு அந்த மொழி மேல் ஒரு வெறி வந்தது. தன் கைக்காசைக் கொடுத்து அதே டீச்சரிடம் போனாள். விடுபட்ட நாலு வகுப்பையும் படித்தாள், அதற்கு மேலும் படித்தாள். ஏன் இப்போது என்று டீச்சர் ஒரே ஒரு முறை கேட்டாள். "தேவைப்படுது" என்றாள்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, விலாசம் விசாரித்துக்கொண்டு குருவியின் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்தது குருவியேதான். இடது கையில் ஒரு கத்தி, பின்னால் மேசையில் பாதி நறுக்கிய வெங்காயம். வலது கையின் மிச்சத்தால் வெங்காயத்தை அழுத்திப் பிடித்து இடது கையால் நறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள் போலும். துண்டுகள் பெரிதும் சிறிதுமாகக் கிடந்தன.

ஹெஃபா படிக்கட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னாள். "பெர்தோனாமே." மன்னிச்சிடு.

குருவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, புரிய வேண்டும் என்பதற்காகவே, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"இதுவும் செய்னுதான் சொல்றீங்க. மன்னிப்புக் கேக்க வந்து அதையும் ஏவுறீங்க."

ஹெஃபாவுக்கு முகம் சிவந்தது. அந்த மொழியில் அது ஏவல்தான். அதுவும் வா-போ என்கிற ஏவல். மரியாதை ரூபத்தைப் படித்திருந்தும் வாயில் அது வரவில்லை. "நான் பொய் சொன்னேன்" என்றாள். அது மட்டும் இலக்கணப் பிழை இல்லாமல் வந்தது.

"தெரியும். அன்னிக்கு எனக்குக் 'கையை வை'ன்னுதான் கேட்டுது. நீங்க பொத்தானுக்கு ஓடினதைப் பார்த்ததுமே, என் நல்லதுக்குத்தான் கத்தினீங்கன்னு புரிஞ்சுது. அதை அப்படியே சொல்லியிருந்தா நானே உங்களை விட்டுடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

இரண்டு வருஷமாக அவளிடம் மரியாதை ரூபத்திலேயே பேசிவந்த குருவி, முதல் தடவையாக அதைக் கைவிட்டாள்.

"வேதே."

போ. கோபமில்லாமல், அழைப்பு மணியடித்த விற்பனைக்காரியிடம் சொல்வதைப் போலச் சொன்னாள். கதவை அறைந்து சாத்தவும் இல்லை. மெதுவாகவே சாத்தினாள்.

குருவி தன் தங்கையோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று அந்த வருஷக் கடைசியில் தெரிந்தது. ஹெஃபாவிடம் யாரும் சொல்லவில்லை. தலையணை உறை மடிக்கும் மேசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இப்போதெல்லாம் எல்லாமே விழுந்தது. அவர்கள் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதும், எவளுடைய புருஷன் குடிக்கிறான் என்பதும், தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதும். பத்து வார்த்தைக்கு மேல் அவளுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் அவர்கள் குரலைத் தாழ்த்துவதே இல்லை.

அன்று புதிதாகச் சேர்ந்திருந்த ஒருத்திக்குப் பழைய ஒருத்தி புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். "அவ சொன்னதைச் செய். ஆனா அவகிட்ட எதையும் நம்பிச் சொல்லாதே. ஒரு கையைத் தின்னுட்டு, அதுக்கு அப்புறம் வார்த்தை தேடிக் கத்துக்கிட்டவ."

ஹெஃபா இரண்டு மேசை தள்ளி நின்றாள். 'சொல்லாதே' என்ற வினையின் ரூபம் சரியாக இருந்தது என்பதைத்தான் அவள் மனசு முதலில் குறித்துக்கொண்டது. அப்படிக் குறித்துக்கொண்டதற்காகத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எதுவும் புரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.