ஏழாவது ஸ்லைடு

பறவைப் படம் எடுப்பவர்கள் வட்டாரத்தில் பல் டாக்டருக்கு 'இரண்டாயிரம்' என்று பெயர். அவர் பிடுங்கிய பற்களின் எண்ணிக்கை அல்ல அது. ஒரு விநாடியை இரண்டாயிரமாகப் பிளந்து அதில் ஒரு பங்கு நேரம்தான் கேமராவின் ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பறக்கிற பறவைக்கு அது சரி. டாக்டர் தூங்குகிற ஆந்தைக்கும் அதையேதான் வைப்பார்.

"அது எப்ப எழுந்து பறக்கும்னு அதுக்கே தெரியாது. நான் தயாரா இருக்கணும் இல்லையா?" என்பார். ஆந்தை இதுவரை அவருக்காக எழுந்ததில்லை.

ஷட்டர் அவ்வளவு வேகமாக மூடினால் வெளிச்சம் உள்ளே போகாது. போகாத வெளிச்சத்துக்கு ஈடாக ஐ.எஸ்.ஓ. என்கிற ஒளியுணர்வு அளவை ஏற்ற வேண்டும். ஏற்றினால் படமெங்கும் மணல் தூவியதுபோலப் பொடிப்பொடியாக நாய்ஸ் விழும். டாக்டருக்கு அதைப் பார்த்தால் கறை படிந்த பல்லைப் பார்த்ததுபோலக் கை துறுதுறுக்கும். அதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார். படம் கம்ப்யூட்டரில் ஏறும்போதே துடைத்து, கழுவி, மெருகேற்றித் தரும்படி அதைப் பழக்கியும் வைத்திருந்தார். அவர் எடுத்த பறவைகளெல்லாம் அப்போதுதான் அழகு நிலையத்திலிருந்து வந்தவைபோல இருக்கும்.

இதைப் பற்றி அவர் சங்கக் கூட்டங்களில் உரையும் நிகழ்த்துவார். தலைப்பு 'சுத்தமான படம்'. அதில் ஏழாவது ஸ்லைடு 'செய்யக் கூடாதது'. போன கூட்டத்தில் அந்த இடத்துக்குப் புதுப் படம் ஒன்று வந்திருந்தது. பஸ் டிரைவர் ஒருவர் வேலைக்குப் போகும் வழியில் எடுத்து, ஆசையாகச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம். மங்கலான காலையில், கிளையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பறவை. டாக்டர் அதன்மேல் மூலைக்கு மூலை சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்.

"யார் எடுத்ததுன்னு சொல்ல மாட்டேன். மணல் லாரியை மேல கவுத்த மாதிரி இருக்கு" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் மூன்றாவது வரிசையில் இருந்த டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவரும் சிரித்தார். அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் டாக்டர் அந்த வரலாற்றுச் சாதனையைச் செய்தார். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பின்னால் உள்ள குளத்தில் வெண்மார்பு ஈப்பிடிப்பானைப் படமெடுத்தார். அந்தப் பறவை இந்த நாட்டுக்கே வந்ததில்லை. அதன் உறவுக்காரனான புள்ளிமார்பு ஈப்பிடிப்பான் மற்ற ஊர்களில் சாதாரணமாக உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுதான். இதற்கு மார்பில் வரிசையாகப் புள்ளி, அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. டாக்டரின் படத்தில் மார்பு கழுவி வைத்த பீங்கான்போல இருந்தது.

அடுத்த ஞாயிறு விடியும்போது குளத்தின் கம்பிவேலி ஓரத்தில் நாற்பது பேர் நின்றார்கள். ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் மூக்கையும் வாயையும் துணியால் பொத்தியிருந்தார்கள். டாக்டர் மட்டும் பொத்தவில்லை. பேட்டி கொடுப்பதற்கு வாய் தேவைப்பட்டது.

அவருடைய கேமரா முக்காலியைச் சுமந்து வந்தது அவர் மனைவியின் தம்பி. "அத்தான், இந்த நாத்தத்துக்கு நாடு விட்டு நாடு வந்திருக்குன்னா அதுக்கு மூக்கே இல்லையா?"

"சும்மா இருடா. பத்திரிகைக்காரங்க வந்தாலும் வருவாங்க."

அப்போது எக்ஸ்ரே அக்கா வந்தார். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். அந்தக் குளத்துக்கு எந்தப் பறவை எந்தத் தேதியில் வந்தது என்ற நோட்டு அவரிடம்தான் இருந்தது. துடைக்காத, திருத்தாத படத்தைப் பார்க்காமல் எதையும் அதில் ஏற்ற மாட்டார்.

"ஒரிஜினலைக் கேமராவிலயே காட்டுங்க டாக்டர். பார்த்துட்டு எழுதிடறேன்."

"தாராளமா" என்று டாக்டர் கேமராவை எடுத்தார். பெரிதாக்கிக் காட்டுவோம் என்று பொத்தானை அழுத்தினார். இன்னும் அழுத்தினார்.

மணல் எல்லா இடத்திலும் இருந்தது. கிளையில், இலையில், வானத்தில். ஆனால் மார்பில் மட்டும் மணலுக்கு நடுவே வேறு ஏதோ இருந்தது. கைத்தையல் போட்டதுபோல, கழுத்திலிருந்து வயிறுவரை, வரிசையாக. மணல் வரிசையில் நிற்காது.

டாக்டர் கேமராவை அணைத்தார்.

"பேட்டரி போயிடுச்சுக்கா."

"காலைல ஃபுல்லுன்னு சொன்னீங்களே அத்தான்" என்றான் மைத்துனன்.

"குளிருக்கு இறங்கிடும்டா. உனக்கென்ன தெரியும்."

"சார்." கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரைவர் முன்னால் வந்தார். சீருடையில் இருந்தார். "இந்தாங்க சார், என் பேட்டரி. என் கேமராவும் அதே கம்பெனிதான். நீங்க நல்லதுன்னு சொன்னதாலதான் பழசு ஒண்ணு பார்த்து வாங்கினேன்."

டாக்டரின் கை நீளவில்லை. டிரைவர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் சார் ஷிஃப்ட் மாத்திக்கிட்டு வந்தேன். நான் அன்னைக்குப் போட்டேனே ஒரு படம், அதுவும் இதே மரம்தான். இதே பறவையாத்தான் இருக்கும். என் படத்துல மார்பெல்லாம் புள்ளி புள்ளியா இருந்துச்சு. நீங்க நாய்ஸ்னு சொன்னப்புறம்தான் புரிஞ்சுது. இவ்வளவு அபூர்வமான பறவையை நான் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டுக் கெடுத்திருக்கேன். வெட்கமாப் போச்சு சார். அழிச்சுட்டேன்."

எக்ஸ்ரே அக்கா டிரைவரைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். பிறகு பேட்டரியைத் தானே வாங்கி, டாக்டரின் கேமராவைத் திறந்து, மாற்றிப் போட்டார். வெளியே எடுத்த பேட்டரியைக் குளிராமல் சட்டைப்பையில் வைக்கச் சொல்லி அவரிடமே கொடுத்தார். அது ஃபுல்லாக இருந்தது அக்காவுக்குத் தெரியுமா தெரியாதா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கவும் முடியாது.

அக்கா திரையைக் கண்ணருகே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏன் டாக்டர், பல்லு எக்ஸ்ரேல இப்படிப் புள்ளி தெரிஞ்சா, துடைச்சுட்டு ஒண்ணுமில்லேன்னு சொல்லி அனுப்புவீங்களா?"

டாக்டர் வாயைத் திறந்தார். அவருடைய நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் திறப்பார்கள், பதில் சொல்ல முடியாமல்.

"வந்திருச்சு! வந்திருச்சு!"

நாற்பது பைனாக்குலர்களும் மரத்துக்குத் திரும்பின. பறவை கிளையில் வந்து உட்கார்ந்தது. எங்கும் பறக்கிற அவசரம் அதற்கு இல்லை. விநாடியில் நூறில் ஒரு பங்கே போதும் என்பதுபோல அசையாமல் இருந்தது.

பைனாக்குலரை ஒவ்வொருவரும் திருகித் திருகிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தயக்கத்தோடு, "புள்ளி இருக்கே?" என்றார்.

"அது நாய்ஸா இருக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"பைனாக்குலர்ல ஏதுய்யா நாய்ஸ்?"

சிரிப்பு வேலி நெடுக ஓடியது. சங்கத்து அறையில் சிரித்த அதே வாய்கள்தான். இந்த முறை திரும்பிப் பார்த்தது டாக்டரை. அவரும் சிரித்துப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர் மூக்குத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில், "எனக்கு ஒரு கடைவாய்ப்பல் ஆடுது டாக்டர். உங்ககிட்ட காட்டலாம்னு இருந்தேன். வேண்டாம்" என்றார்.

"வெளிச்சம் கம்மிங்க. யாருக்கும் நடக்கும்" என்று அவரிடம் வாதாடியது டிரைவர்தான். டாக்டருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் எக்ஸ்ரே அக்கா நோட்டை விரித்தார்.

"புள்ளிமார்பும் நம்ம குளத்துக்கு இதுவரைக்கும் வந்ததில்ல. முதல் பதிவுதான். போன ஞாயிறு தேதி போட்டு, உங்க பேர்ல எழுதிக்கவா?"

டாக்டருக்கு மூச்சு வந்தது. நாடு போனால் என்ன, குளமாவது மிஞ்சுமே.

"எழுதுங்கக்கா" என்றார் டிரைவர். "சார் எடுத்ததுக்குத்தான் படம் இருக்கு. என்னுது போயிடுச்சே."

டாக்டர் ஆமாம் என்று தலையசைக்கப் போனார். பாதி அசைத்தும்விட்டார். பிறகு ஃபோனை எடுத்தார். 'சுத்தமான படம்' திறந்தது. ஒன்று, இரண்டு என்று தள்ளிக்கொண்டே போய் ஏழில் நிறுத்தினார். அக்காவிடம் நீட்டினார்.

"இதை எழுதுங்க. மூணு வாரத்துக்கும் முன்னாடி எடுத்தது. இவர் எடுத்தது."

மணலுக்கு அடியில் மார்புப் புள்ளிகள் எல்லாம் எண்ணக்கூடியவையாக இருந்தன. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"படம் தெளிவாத்தான் இருக்கு. குறுக்க இது என்ன சிவப்பா?"

"அது நான் போட்டதுக்கா."

டிரைவர் எட்டிப் பார்த்தார். அழிந்துபோனது என்று நினைத்த படத்தை இமைக்காமல் பார்த்தார்.

"ஷட்டரை நூத்தி அறுபதுல வச்சு எடுத்தேன் சார்" என்றார் குனிந்தபடி. "இன்னும் கொஞ்சம் ஸ்பீடு வச்சிருக்கணும், இல்ல?"