தூக்கிய கம்பியும் பன்னிரண்டு லாரிகளும்

காலையில் ஒரு மணி நேரத்தின் விலை இருபதாயிரம். எல்லையோரத்தில் பூ வியாபாரம் செய்கிற யாரைக் கேட்டாலும் பேரம் பேசாமல் இதையேதான் சொல்வார்கள். பக்கத்து நாட்டுச் சந்தையில் ஒன்பது மணிக்கு ஏலம். பிந்தினால் ரோஜாவைத் தழை விலைக்குத்தான் கேட்பார்கள். சோதனைச்சாவடியில் காத்துக் கிடந்தே மூன்று லோடு என் கையைக் கடித்திருந்தது. இதுவும் போனால் லாரியை விற்றுவிடுவதாகத் தரகரிடம் சொல்லியிருந்தேன்.

இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு, இனி வரியும் இல்லை முத்திரையும் இல்லை என்று அறிவித்த முதல் நாள் அது. டிரைவர் பக்கத்தில் நானே ஏறி உட்கார்ந்தேன். தாலி கட்டப் போகிற மாப்பிள்ளைக்குக்கூட அத்தனை படபடப்பு இருந்திருக்காது.

ஏழு மணிக்குச் சாவடி. முன்னால் பதினோரு லாரிகள் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. சந்தையில் காத்திருந்த தங்கை வீட்டுக்காரருக்கு போன் போட்டேன்.

“மாப்பிள்ளை, ஒப்பந்தமெல்லாம் பேப்பர்லதான் போல. வண்டியெல்லாம் நிக்குது.”

“யாரு மச்சான் நிறுத்தினது?”

நல்ல கேள்வி. இறங்கி ஓடினேன். தடுப்புக் கம்பி வானத்தைப் பார்த்து நின்றது. கவுன்டரில் பூட்டு. முதல் லாரிக்காரர் சாவகாசமாகப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே போகல?”

“முத்திரை குத்தணும்ல.”

“அதெல்லாம் எடுத்தாச்சுண்ணே. கம்பி தூக்கித்தானே இருக்கு?”

“தூக்கினவன் போன்னு சொல்லலியே. இருபது வருஷமா சொன்னாத்தான் போவேன்.”

“நான் சொல்றேன், போங்க.”

“உங்ககிட்ட முத்திரை இருக்கா?”

இருந்தது. சட்டைப் பையிலிருந்த கடை முத்திரையை எடுத்து, அவர் நீட்டிய தாளில் ஓங்கிக் குத்தினேன். ‘ரோஜா மொத்த வியாபாரம்’ என்று நீலத்தில் விழுந்தது. அதை ஊதிக் காயவைத்து, மடித்து வைத்துக்கொண்டு, திருப்தியாக எஞ்சினைப் போட்டார். அதைப் பார்த்த மற்ற பத்துப் பேரும் தாளோடு சூழ்ந்துகொண்டார்கள். கை வலிக்கக் குத்தினேன். கடைசியில் என் டிரைவரும் ஒரு தாளை நீட்டினார்.

“யோவ், நீயுமா?”

“எல்லார்கிட்டயும் இருக்கு முதலாளி. நம்மகிட்ட இல்லன்னா நல்லாவா இருக்கும்?”

அவருக்கும் ஒன்று குத்தினேன். வரிசை ஓடத் தொடங்கியது. எட்டு நாற்பதுக்குச் சந்தை வாசலில் இருந்தோம். பனி காயாத ரோஜாவைப் பார்த்து ஏலத்தில் அடித்துக்கொண்டார்கள். அங்கிருந்தே தரகரைக் கூப்பிட்டு, லாரி விற்பனைக்கு இல்லை என்றேன்.

விற்றது ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். பூவுக்கும் டீசலுக்கும் ஆளுக்கும் போனது ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். மிச்சம் ஐம்பத்தைந்தாயிரம். பழைய மூன்று லோடு நட்டம் அறுபதாயிரம். இன்னும் வரவேண்டியது ஐயாயிரம்.