ஷோ விலைக்குப் போன குட்டி

டைல்ஸ் கடைக்காரர் வந்து உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். போன வருஷம் எங்களிடம் ஷோ விலைக்கு வாங்கிய நாய்க்குட்டி, ஷோவுக்கு, அதாவது நாய்க் கண்காட்சிக்கு, லாயக்கில்லாமல் வளர்ந்துவிட்டது. ஆகவே ஷோ விலைக்கும், சும்மா வீட்டில் வளர்க்கிற குட்டிக்கான வீட்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் திருப்பித் தர வேண்டும். நாய் காரில்தான் இருக்கிறது, வேண்டுமானால் நானே வாயைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

நான் அப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் இருங்க, கையைக் கழுவிட்டு வரேன்" என்று உள்ளே போய், குழாயடியில் தேவைக்கு மேலேயே நின்றேன். நாய்க்குட்டி வியாபாரத்தை ஒரேயடியாகத் தலைமுழுகிவிட்டதாக நினைத்திருந்தேன். கூண்டுகளைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாயிற்று. பின்னறையைக் கழுவி, பெயின்ட் அடித்து, அங்கே ஒரு கட்டிலும் போட்டாயிற்று. கடைசியாக இருந்த தாய் நாயை என் நாத்தனார் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிறகு தண்ணீர்க் குடத்தைக்கூட அவர் தூக்கக் கூடாது. எனக்கோ முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஒரு பெரிய நாய் சங்கிலியோடு எதையாவது பார்த்து ஓடினால், எங்கள் இருவரில் யார் பிடித்திருந்தாலும் தெருவில் குப்புற விழ வேண்டியதுதான். இந்த வீட்டில் இனி நாய் இல்லை என்று எங்கள் பெண்ணிடம் போனில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

குட்டிகளுக்கு நாங்கள் விலை வைக்கும் முறை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. எட்டாவது வாரத்தில் சாப்பாட்டு மேஜையில் ரப்பர் பாயை விரித்து என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்துவார். தோள் எப்படி இறங்குகிறது, வால் எங்கே முளைத்திருக்கிறது, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிச் சேர்கின்றன என்று தடவித் தடவிப் பார்ப்பார். பிறகு, "இவன் ஷோ, இவ வீடு" என்பார். அவ்வளவுதான். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தட்டில் முகத்தை விட்டுச் சாப்பிட்டதுகளில் ஒன்றின் விலை மற்றதைப் போல் மூன்று மடங்காகிவிடும். ஊசிச் செலவு இரண்டுக்கும் ஒன்றே. என் தூக்கம் கெட்டதும் இரண்டுக்கும் ஒன்றே.

வாங்க வருகிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். "நாங்க ஷோவுக்கெல்லாம் போகப் போறதில்ல, வீட்டுலதான் வெச்சுக்கப் போறோம், அதனால அந்த நல்ல குட்டியையே வீட்டு விலைக்குக் குடுங்க" என்று ஒரு கூட்டம் வரும். தங்கச் சங்கிலியை வீட்டுக்குள்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன், அதனால் பாதி விலை போடு என்று நகைக் கடையில் கேட்பார்களா? அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் வாய் வறண்டு போயிருக்கிறது. ஷோ குட்டி என்றால் ஒரு வாய்ப்பு, உத்தரவாதம் கிடையாது என்று ரசீதில் எழுதியே கொடுப்போம். எட்டு வாரத்தில் இருப்பது பால்பல். நிஜப் பல் ஐந்து மாதத்துக்கு மேல் வரும்போது தாடை எந்தப் பக்கம் வளரும் என்று அந்தத் தாடைக்கே தெரியாது. உண்மையைச் சொன்னால், வீட்டுக் குட்டிக்கு அவர்கள் கொடுப்பது நாயின் விலை, ஷோ குட்டிக்குக் கொடுப்பது அவர்களுடைய ஆசையின் விலை. இதை நான் எந்த ரசீதிலும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் குடும்பம் ஓடியிருக்காது.

இந்த டைல்ஸ்காரர் குட்டி வாங்க வந்தபோது பாக்கெட்டில் இஞ்ச் டேப் வைத்திருந்தார். நிஜமாகவே அளந்தார். "இதுல ஃபர்ஸ்ட் குவாலிட்டி எது சார்?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். என் வீட்டுக்காரர் ஆண் குட்டி ஒன்றைக் காட்டி, "இவன் எங்க நிக்கணுமோ அங்க நிப்பான்" என்றார். சொன்னபோது அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. பேரம்கூடப் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார் டைல்ஸ்காரர். அந்தக் குட்டியின் தங்கை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனாள். இப்போது உருண்டு திரண்டு, கல்லாவுக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது நாயை உள்ளே கூட்டி வந்திருந்தார். சும்மா சொல்லக் கூடாது, நாயை அவ்வளவு நன்றாக வைத்திருந்தார். ரோமம் அப்படி மின்னியது. நகமெல்லாம் அளவாக வெட்டி, காதுக்குள் ஒரு துளி அழுக்கில்லாமல், ஒரு இடத்தில்கூட அதிகச் சதை இல்லாமல் இருந்தது. லாப்ரடாரை இப்படி வைத்திருப்பது லேசில்லை. அது எதைப் பார்த்தாலும் தின்கிற ஜாதி.

உதட்டை விலக்கிக் காட்டினார். கீழ்ப்பல் வரிசை மேல்வரிசையைத் தாண்டி வெளியே நின்றது.

"மூணு ஷோவுக்குக் கொண்டு போனேன் மேடம். முதல் ரெண்டுலயும் வாயைப் பாத்துட்டுக் கடைசில நிறுத்திட்டாங்க. மூணாவதுல அந்த ஜட்ஜ் என்னைப் பாத்துச் சிரிச்சாரு. இத்தனை பேர் முன்னாடி."

"பல்லு அப்படித்தான் தம்பி. எட்டு வாரத்துல யாராலயும் சொல்ல முடியாது. ரசீதுல போட்டிருக்கே."

"என் கடையில செகண்ட்ஸுக்குத் தனி விலை. ஒரு மூலை உடைஞ்ச டைலை ஃபர்ஸ்ட் விலைக்கு வித்துட்டு, ரசீதுல போட்டிருக்கேன்னு நான் சொன்னா கஸ்டமர் விடுவானா?"

"டைல் வாங்கிட்டுப் போன பிறகு வளராது தம்பி."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர், "ஏன் வாக்குவாதம் பண்ணிக்கிட்டிருக்க, குடுத்துத் தொலைச்சுடு" என்று குரல் கொடுத்தார். அந்தக் குட்டியைக் கைகாட்டியவர் அவர். வெளியே வந்து முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்கு வித்தியாசத்தைக் கொடுத்தால் நாளைக்கு வால் கோணல், நிறம் மங்கல் என்று ஒவ்வொருவராகப் படையெடுப்பார்கள். தொழிலை மூடியதே இந்தப் பஞ்சாயத்தெல்லாம் போதும் என்றுதான்.

அதனால் என் பழைய உபாயத்தை எடுத்தேன். இது என்னைக் கைவிட்டதே கிடையாது. வளர்ந்த நாயோடு சண்டைக்கு வருகிறவர்களிடம் நான் பாதியைத் தரமாட்டேன், கால்வாசியையும் தரமாட்டேன். "முழுப் பணத்தையும் தரேன், நாயை விட்டுட்டுப் போங்க" என்பேன். குழந்தை வந்திருந்தால் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கும். மனைவி, "வாங்க, போலாம்" என்று எழுந்துவிடுவாள். புருஷன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே சங்கிலியை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். நான் டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைப்பேன். ஒரு வருஷம் கூடவே இருந்த நாயைக் காசுக்காக விட்டுவிட்டுப் போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

"இங்க பாருங்க தம்பி, வித்தியாசம் எதுக்கு? முழுப் பணத்தையும் தந்துடறேன். நாய் இங்கயே இருக்கட்டும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "முழுசுமா?"

"முழுசும்."

"இப்பவேவா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்ற முடியவில்லை. "இப்பவே" என்றேன்.

அவர் யோசித்தார். நாயைப் பார்த்து யோசிக்கவில்லை, சுவரைப் பார்த்து யோசித்தார். "ஒரு வருஷமா தீனிச் செலவு, கண்காட்சிச் செலவு எல்லாம் ஆச்சு. பரவால்ல, அது என் கையை விட்டுப் போனதாவே இருக்கட்டும்" என்றார், ஏதோ எனக்காக விட்டுக் கொடுப்பதுபோல.

வேறென்ன செய்வது? அலமாரியைத் திறந்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்து வைத்ததில் மீதி இருந்ததைக் கொண்டு வந்து கொடுத்தேன். அவர் கொடுமைக்காரர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். காருக்குப் போய்த் தீனி மூட்டை, சீப்பு, ஊசி போட்ட அட்டை எல்லாவற்றையும் எடுத்து வந்து வாசலில் ஒழுங்காக வைத்தார். காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று இரண்டு தடவை சொன்னார். "நல்லாப் பாத்துக்கிட்டேன் மேடம். ஒரு சொறி கிடையாது, ஒரு உண்ணி கிடையாது" என்றார். சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கார் கிளம்பியதும் நாய் இழுக்கும் என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது இழுக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன பண்ணி வெச்சிருக்க நீ?"

"போக மாட்டான்னு நெனச்சேங்க."

"போயிட்டானே."

"அதான் தெரியுதே. நாளைக்கு யாருக்காவது குடுத்துடலாம்."

"இந்த வயசுல, இந்தப் பல்லோட யாரு காசு குடுத்து வாங்குவா? சும்மா குடுத்தாதான் உண்டு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நியாயந்தான். வளர்ந்த நாய்க்கு வீட்டு விலையும் கிடையாது.

சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். தண்ணீர் வைத்தேன், குடித்தது. பிறகு கூடத்தின் நடுவில் வந்து, நான்கு கால்களையும் நான்கு மூலைக்கு வைத்து, கழுத்தைத் தூக்கி, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு அந்த நிற்பு தெரியும். நாங்களே எத்தனையோ நாய்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஷோ நாய்க்கு உட்காரச் சொல்லிக் கொடுக்கக் கூடாது, ஜட்ஜ் வரும்போது உட்கார்ந்துவிட்டால் வேலை கெட்டது என்பார்கள். ஆனால் நாங்கள் சொல்லிக் கொடுத்தவை எல்லாம், வேலை முடிந்த மறுநிமிஷம் எங்கள் மேல் ஏறி விழுந்து முகத்தை நக்கிவிடும்.

"உட்காரு" என்றேன். நின்றது. "போதும்" என்றேன், "போ" என்றேன், "முடிஞ்சுது" என்றேன். நின்றது. என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்தே, "ஓகே, குட் பாய், ஃப்ரீ" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஒரு பிஸ்கெட் கொடுத்தேன். தலையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு மறுபடி அதே மாதிரி நின்றது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நானே தரையில் உட்கார்ந்து, அதன் இடுப்பில் கை வைத்து மெல்ல அழுத்தினேன். தப்பாக நின்றுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, பின்னங்காலை இன்னும் ஒழுங்காக எடுத்து வைத்துக்கொண்டது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அதன் பின்தொடை நடுங்க ஆரம்பித்திருந்தது. அது என் கண்ணில் பட்டதும் எனக்குத் தாங்கவில்லை. டைல்ஸ்காரருக்குப் போன் போட்டேன்.

"என்ன மேடம், கடிச்சிடுச்சா?" என்றார் பதறிப்போய்.

"இல்ல தம்பி. நின்னுக்கிட்டே இருக்கு. போதும், போய்ப் படுன்னு சொல்றதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க? அந்த வார்த்தையை மட்டும் சொல்லுங்க."

"ம்..." என்று இழுத்தார். நிஜமாகவே நினைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"அப்படி ஒண்ணும் சொல்றதில்லையே மேடம். ப்ராக்டிஸ் முடிஞ்சதும் நாங்க லைட்டை அணைச்சுட்டு, கதவைச் சாத்திட்டு வந்துடுவோம். ஆள் இல்லன்னா அதுவாப் படுத்துக்கும்."

போனை வைத்தேன். என் வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாங்கள் இருவரும் உள்ளறைக்குப் போய், கூடத்து விளக்கை அணைத்து, நடுக்கதவைச் சாத்திவிட்டு, கதவை ஒட்டியே நின்றோம்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தரையில் கனமாக உடம்பைப் போடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட பெருமூச்சு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு, "போய்க் கொஞ்சம் தடவிக் குடுத்துட்டு வாயேன்" என்றார்.

"வேண்டாங்க" என்றேன். "போனா எழுந்து நின்னுடும்."