பேச்சுக்கு நிற்காத ஸ்பிட்ஃபயர்

மதுரை மாநகரப் பொதுமக்களுக்கும், வைகையின் இரு கரைகளிலும் வாழும் பெருங்குடியினருக்கும், வானத்தை அண்ணாந்து பார்க்கும் வழக்கமுள்ள இதர நல்லோருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் என்னும் போர் விமானம் கம்ப்யூட்டரில் பறக்கும்போது மெய்யாக இருக்கிறதா, பொய்யாக இருக்கிறதா என்ற கேள்விக்கு, வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நல்ல நேரத்தில், காளவாசல் டைல்ஸ் கடை மாடியில் இறுதித் தீர்ப்பு வழங்கப்படும். வண்டி நிறுத்த இடம் இல்லை.

வாட்ஸ்அப்பில் இது வந்தபோது தாமரைச்செல்வி அரையாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர். தீர்ப்புக்கு நிற்கப்போவது அவளுடைய விமானம். மூன்று வருஷமாகச் சாயங்காலங்களில் உட்கார்ந்து, இறக்கைக்கு இவ்வளவு, காற்றுக்கு இவ்வளவு, இன்ஜின் சூட்டுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு எண்ணாகப் போட்டு அவளே கட்டிய ஸ்பிட்ஃபயர். மதுரை மெய்ப்பறப்புக் கழகம் சான்று கொடுத்தால்தான் அது மாசக் கடைசியில் கம்ப்யூட்டர் வானத்தில் நடக்கும் வைகை அணிவகுப்பில் மற்ற உறுப்பினர்களின் விமானங்களோடு சேர்ந்து பறக்கலாம். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். தான் கட்டிய விமானம், கட்டிய மாதிரியே, அந்த அணிவகுப்பில் பறக்க வேண்டும்.

கழகத்தின் தலைவர் சுப்பராமன், ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ் மேலாளர். மெய்மையைக் கண்டுபிடிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "ஜெர்மன் இன்ஜின்தான். ஆனா லேசா சளி" என்பார். சபை தலையாட்டும். அவருடைய வலது கை பத்ரி, ஐ.டி. கம்பெனிக்காரன். விமானத்தின் அடிவயிற்றைப் பெரிதாக்கி எண்ணெய்க் கறை தேடுவது அவன் வேலை. கறை இருந்தால் மெய். நிறைய இருந்தால் மிக மெய்.

இதைவிட முக்கியமானது சடங்கு. நாலரைக்கு ராகு காலம் வந்துவிடும் என்பதால் அதற்குள் இன்ஜினைப் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டால் காரியம் தொடங்கியாயிற்று என்று அர்த்தம்; பிறகு எம்புட்டு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். ஆகவே திரைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, இன்ஜினைப் போட்டு, அதை ஓடவிட்டபடியே வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை எல்லாம் நடக்கும். கடைசியில்தான் விமானம் கிளம்பும். இதுவரை சான்று வாங்கிய விமானங்கள் எல்லாம் இந்த மரியாதைக்குப் பழகியவை. தலைவர் பேசி முடிக்கும்வரை உறுமிக்கொண்டே நிற்கும். ஒரு பொட்டு வேர்க்காது.

தாமரைச்செல்வியின் விமானத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் போட்டாயிற்று. டைல்ஸ் கடை முதலாளியும் கழகத்தின் செயலாளருமான ஜெயபாண்டி வரவேற்றார். தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! மெய் என்பது யாது?"

திரையில் சூடு காட்டும் முள் நகர ஆரம்பித்தது.

"சார், சூடு ஏறுது" என்றாள் தாமரைச்செல்வி.

"ஏறட்டும்மா. நானே இப்பத்தான் விஷயத்துக்கு வரேன்."

விஷயம் வரவில்லை. முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது. "சார், கிளம்பணும் சார்" என்று அவள் இரண்டாவது முறை சொன்னபோது தலைவர் பழங்கால கிரேக்கத்தில் இருந்தார். அங்கிருந்து அவர் மதுரை திரும்புவதற்குள் விமானத்தின் மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. இன்ஜின் இருமியது, கடகடத்தது, நின்றது. சபையில் சிலர் அஞ்சலிக்கு எழுந்து நிற்கலாமா என்றுகூட யோசித்தார்கள்.

பத்ரிதான் முதலில் வாயைத் திறந்தான். "ஒரு குண்டு படல, ஒண்ணும் படல. நான் பார்த்த எந்த வீடியோலயும் ஸ்பிட்ஃபயர் இப்படி நின்ன இடத்துல சாகல மேடம்."

"அந்த வீடியோவுல எவனாவது பக்கத்துல நின்னு தலைமையுரை ஆத்திக்கிட்டு இருந்தானா தம்பி?"

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள்.

சுப்பராமன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். "அம்மா, கோபம் வேண்டாம். மெய்யான விமானம் மரியாதை தெரிஞ்சது. சூட்டைப் பாதியாக் குறைச்சு அடுத்த ஞாயிறு கொண்டு வாங்கோ. சான்று ரெடியா இருக்கும்."

படியிறங்கும்போது ஜெயபாண்டி பின்னாலேயே வந்தார். "அக்கா, அம்புட்டு சூடு எதுக்குக்கா? ஒரு நம்பரைத் தட்டிவிட்டா முடிஞ்சது சோலி. பெரிய மனுசன் மனசும் குளுந்துரும்."

"அந்த நம்பரைத் தட்டுனா அது ஸ்பிட்ஃபயர் இல்ல ஜெயபாண்டி. டவுன் பஸ்."

"டவுன் பஸ்ஸும் கொதிக்குமேக்கா."

அந்தக் கோபத்தில் ஸ்கூட்டியை உதைத்துக் கிளம்பினாள்.

வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரே ஓர் எண். மாற்றினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சான்று, அணிவகுப்பு, கைதட்டல், தலைவர் கையால் ஒரு சால்வை. ஆனால் அவள் படித்தது வேறு. அந்த விமானத்துக்கு ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில் இருக்கிறது. தரையில் நிற்கும்போது அதற்கு முன்னால் சக்கரத்தின் கால் வந்து மறிக்கும். காற்று போகாது. ஆகாயத்தில் பாய்ந்தால்தான் குளிரும். குளிர் நாட்டிலேயே சும்மா நிறுத்தி வைத்தால் கொதித்த வண்டி. இது மதுரை வெயில். நிற்கப் பிறந்ததல்ல அது. அதை நிற்க வைத்துப் பேசுகிறவர்களிடம்தான் கோளாறு, விமானத்தில் இல்லை. சூட்டைக் குறைப்பதற்குப் பதில் பேச்சைக் குறைக்கலாம் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

எண்ணைத் தொடாமல் கம்ப்யூட்டரை மூடினாள்.

அடுத்த ஞாயிறு கூட்டம் கூடுதல். கொதிக்கிற விமானம் என்று செய்தி பரவியிருந்தது. எலுமிச்சம்பழம், சூடம், இன்ஜின், பொன்னாடை. தாமரைச்செல்வி ஸ்டிக்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"சூட்டைக் குறைச்சாச்சாம்மா?" என்றார் சுப்பராமன், மைக்கிலேயே.

"தொடல சார்."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. தலைவர் கேட்காத மாதிரி தொண்டையைச் செருமினார். "நண்பர்களே! சென்ற வாரம் நாம் மெய் என்பது யாது என்று…"

அவள் பிரேக்கை விட்டாள். விமானம் நகர்ந்தது.

"அம்மா, நான் இன்னும் பேசி முடிக்கல!"

"நீங்க பேசுங்க சார். நான் போயிட்டு வாரேன்."

ஓடுபாதையில் ஸ்பிட்ஃபயர் இடது பக்கம் இழுத்தது. "கோணலா போகுது, கோணலா போகுது!" என்று பத்ரி கத்தினான். அது அப்படித்தான் இழுக்கும் என்று தெரிந்தவளாக அவள் வலது பெடலை அழுத்தி நேராக்கினாள். வால் தூக்கியது, சக்கரம் தரையை விட்டது. தெப்பக்குளம் சின்னச் சதுரமாகக் கீழே போனது. சூட்டு முள், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் இறங்குகிற மாதிரி, சரசரவென்று இறங்கியது.

வைகையைத் தாண்டியபோது முன்வரிசை நாற்காலிகள் திரையைப் பார்த்துத் திரும்பின. அழகர்மலையை ஒட்டி அவள் இறக்கையைச் சாய்த்தபோது மற்ற நாற்காலிகளும் திரும்பின. சுப்பராமன் முதுகுகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டினார். அவளும் இன்ஜினைக் கூட்டினாள்.

"அக்கா! அலங்காநல்லூரு! எங்க ஊருக்கா!" ஜெயபாண்டி திரைக்கு முன்னாலேயே ஓடிவிட்டார். "இன்னும் தாழப் போக்கா, எங்க வீட்டுத் தண்ணித்தொட்டி தெரியுதா பாப்போம்!"

"உக்காருண்ணே, மறைக்குது!" என்று பின்னாலிருந்து நாலு குரல்.

தாழவே போனாள். வயல்கள், வரப்புகள், தென்னைகள். மூன்று வருஷ எண்கள் எல்லாம் சேர்ந்து கையில் ஒரு பாரமாக, உயிருள்ள பாரமாக இழுத்தன. திரும்பி வந்து இறங்கியபோது சக்கரம் துள்ளியது; அவசரத்தில் பிரேக்கைக் கூடுதலாகப் பிடித்துவிட்டாள். விமானம் வாலைத் தூக்கி, மூக்கை மதுரை மண்ணில் குத்திக்கொண்டு நின்றது.

"ஆஹா!" என்றார் சுப்பராமன் மைக்கில். இரண்டு வாரத்தில் அவர் பேசிய மிகச் சிறிய உரை அது.

"பிரேக்கை அமுக்குனா நிஜ ஸ்பிட்ஃபயரும் அப்படித்தான் சார் கவுறும்" என்றான் பத்ரி. சொன்ன பிறகுதான் யாருக்குச் சாதகமாகச் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கொதிக்கிறது, இழுக்கிறது, கவிழ்கிறது!" தலைவர் விரல்விட்டு எண்ணினார். "இதுக்கு இந்தக் கழகம் சான்று தராது."

"நான் கேக்கலையே சார்."

"சான்று இல்லாம அணிவகுப்புல எப்படிப் பறப்பீங்க?"

"இப்பப் பறந்தேன்ல, அந்த மாதிரிதான். நீங்க பாட்டுக்குப் பேசுங்க, நான் பாட்டுக்குப் பறக்குறேன். பிடிக்கலைன்னா எனக்கு மட்டும் வைகையை இழுத்து மூடிருங்க."

இப்போது யாரும் இருமவில்லை; சிரித்தார்கள். முதல் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, "மேடம், அந்த ஃபைலு கிடைக்குமா? இதையே நானும் ஓட்டிக்கிறேன்" என்று பென் டிரைவை நீட்டினார். அவர் பின்னால் இன்னொருவர். பிறகு வரிசை. தாமரைச்செல்வி ஒரே நிபந்தனை போட்டாள்: "சூட்டுல எவனும் கை வைக்கக் கூடாது. ஏறுச்சுன்னா கிளம்பிரணும், யாரு பேசிக்கிட்டு இருந்தாலும்."

மாசக் கடைசியில் வைகைமேல் கொதிக்கிற விமானங்களே பறக்கும் என்பது சுப்பராமனுக்கு விளங்கிவிட்டது. பொன்னாடை ஒரு தோளிலிருந்து நழுவியது. கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"நிறுத்துங்கோ! வீடியோ பார்த்தவன் சொல்ல வேண்டாம், கணக்குப் போட்டவா சொல்ல வேண்டாம், நானும் சொல்லல. நிஜ விமானத்துல ஏறினவன் சொல்லட்டும், இது மெய்யா பொய்யான்னு. இந்த அறையில யார் ஏறியிருக்கா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாமரைச்செல்வியும் ஸ்டிக்கைப் பார்த்தாள். கடைசியில், திரையோரம் நின்றிருந்த ஜெயபாண்டியின் கை மெதுவாக மேலே போனது. போன தையில் மச்சினன் கல்யாணத்துக்குச் சென்னைக்கு விமானத்தில் போனாராம்.

"சொல்லுங்க ஜெயபாண்டி!" தலைவர் மைக்கையே அவரிடம் கொடுத்தார். அந்த மாடியில் அவர் மைக்கை விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. "இன்ஜின் சத்தம், அதிர்வு, இழுப்பு. எல்லாம் எப்படி இருந்தது?"

ஜெயபாண்டி ஏறினதிலிருந்து இறங்கும்வரை தூங்கிவிட்டிருந்தார்.