எழுபது வளைவும் ஒரு கோலிக்குண்டும்

மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் பழக்கடை. கார் கதவைத் திறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். எலுமிச்சம்பழம் கேட்பார்கள், கொடுப்பேன். முகம் கொஞ்சம் தெளிந்ததும், "எழுபது வளைவாமே, யாருங்க போட்டாங்க இந்த ரோட்டை?" என்று நான்தான் போட்டதுபோலக் கேட்பார்கள். அப்போது மட்டும் எனக்குச் சுர்ரென்று வரும். வருகிற வழியில் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளத் தெரிகிறது, வாந்தி வந்ததும் ரோடு கெட்ட ரோடாகிவிடுகிறது.

இருந்தாலும் அவர்களை நான் விரட்டியதில்லை. வளைவில் வாந்தி எடுக்கிற ஜனங்கள்மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. எல்லாம் சண்முகப்பிரியாவால் வந்தது.

பிரியாவும் நானும் வாழவந்தி நாடு என்கிற மலைக்கிராமத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கணக்கில் அவள் புலி, அவளைப் பார்த்து எழுதுவதில் நான் புலி. அப்படிப்பட்டவள் பஸ்ஸில் ஏறினால் மட்டும் துவண்ட கீரைத்தண்டாகிவிடுவாள். ஏறியதும் துண்டை முகத்தில் போட்டுக் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். மூன்றாவது வளைவுக்குள் ஆரம்பித்துவிடும். ஒருமுறை பக்கத்தில் இருந்த அம்மாளின் பட்டுச் சேலையிலேயே எடுத்துவிட்டு, அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் பாதி மலையில் இறங்கி அவளும் அவள் அப்பாவும் நடந்தே வீடு திரும்பினார்கள். அதற்கப்புறம் அவள் மலையை விட்டு இறங்கவே இல்லை.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் பள்ளியில் பத்தாவது வரைதான் இருந்தது. அதற்குமேல் கணக்கு குரூப் எடுக்க வேண்டுமென்றால் கீழே நாமக்கல்லுக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். நானோ ஏழாவது படிக்கும்போதே ஹாஸ்டலில் எங்கள் இரண்டு பேர் கட்டிலையும் ஒட்டிப்போட்டுக் கனவு கண்டு முடித்திருந்தேன். அவள் அப்பா சென்றாயன் மாமா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "அவளைக் கீழ அனுப்புனா பாதி வழியிலயே உசுரு போயிரும். பத்தாவதோட போதும்." பிரியாவும், "எனக்குப் போதும் புள்ள, நீ போ" என்பாள். அவள் இல்லாத ஹாஸ்டலை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஒன்பதாவது படிக்கும்போது மாவட்ட அறிவியல் போட்டிக்கு அழைப்பு வந்தது. கலைச்செல்வி டீச்சர் வகுப்பில் வாசித்தார். கோலிக்குண்டு ஓடும் ரோலர் கோஸ்டர் செய்ய வேண்டும். காகிதம், அட்டை, பசை தவிர வேறெதுவும் கூடாது. மேலே விட்ட குண்டு கீழே வந்து சேர யாருக்கு அதிக நேரம் ஆகிறதோ அவர்களுக்குப் பரிசு. நடுவில் நின்றாலோ எகிறி வெளியே விழுந்தாலோ கணக்கில் சேராது. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

சத்தியமாக எனக்கு அறிவியல்மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. ஓர் அணிக்கு இரண்டு பேர், இரண்டு பேரும் நாமக்கல்லுக்கு நேரில் வரவேண்டும் என்று டீச்சர் வாசித்த கடைசி வரிதான் என் காதில் விழுந்தது. பிரியாவின் கையையும் சேர்த்துத் தூக்கிவிட்டேன்.

"எம்பேரை எதுக்குடி குடுத்தே? நான் வரமாட்டேன்."

"வர வேண்டாம். செஞ்சு மட்டும் குடு. அப்புறம் பாத்துக்கலாம்."

செய்வதென்றால் அவளுக்கு உயிர் என்று எனக்குத் தெரியாதா என்ன.

பள்ளி விட்டதும் எங்கள் வகுப்பறையே பட்டறையாகிவிடும். யார் வீட்டிலோ வாங்கிய பிரிட்ஜின் அட்டைப்பெட்டியைப் பிரித்து அடித்தட்டு வைத்தோம். செய்தித்தாளைக் குழாய்போலச் சுருட்டித் தூண்கள். பாதைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, வீட்டுக்கு வீடு மூட்டை மூட்டையாகக் கிடக்கிற கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. நல்ல கெட்டி அட்டை, மடித்தால் மடித்தபடி நிற்கும். வாழவந்தி நாட்டில் ஒரு வீடு விடாமல் வாங்கி வந்தோம். அதில் பாதியை எங்கள் வெள்ளாடு தின்றுவிட்டது. மிச்சத்தைக் குச்சிக்கிழங்கு மாவில் காய்ச்சிய பசையால் ஒட்டினோம். அந்தப் பசை வாசமும், சன்னல் வழியாக உள்ளே வந்து எங்கள் கூடவே உட்கார்ந்துகொள்ளும் மேகமும், விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு பிரியா திட்டுவதும் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கப்புறம் இருந்ததாக ஞாபகமில்லை.

முதலில் டிவியில் பார்த்ததுபோல வட்டமடித்துத் தலைகீழாகப் போகும் பாதையை நான் செய்தேன். குண்டு வட்டத்தில் ஏறி, நேராகப் பறந்து கரும்பலகையில் போய் மோதியது.

"அதிக நேரம் ஆகோணும்னா வேகமா எறக்குவாங்களாடி?" என்று பிரியா என்னை ஓரமாகத் தள்ளினாள். "நம்ம ரோடு மாதிரி எறக்கோணும்."

பின்பக்கம் உயரம், முன்பக்கம் தாழ்வு. நடுவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து இறங்கும் பாதை. அச்சு அசல் எங்கள் மலைச்சாலை. ஆனால் வளைவுக்கு வளைவு குண்டு வெளியே விழுந்துகொண்டிருந்தது. நான் ஓரத்தில் சுவர் கட்டலாம் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள்.

"நீ பஸ்ஸுல ஏறுனா தூங்கிருவே, உனக்கென்ன தெரியும்? குண்டு எங்க வெளிய போவும்னு எவ்வயித்தைக் கேளு. எல்லா வளைவும் ஒரே மாதிரி பொரட்டாது. சிலதுல ரோடு வெளிப்பக்கமா ஒசந்திருக்கும், அங்க ஒண்ணும் பண்ணாது. ஒசராத எடத்துலதான் அள்ளி வெளிய வீசற மாதிரி வரும்."

ஒவ்வொரு வளைவிலும் வெளிவிளிம்பைக் கொஞ்சம் தூக்கி ஒட்டினாள். குண்டு சுவரும் இல்லாமல் தடுப்பும் இல்லாமல் சமர்த்தாகத் திரும்பி இறங்கியது. பிறகு ஒவ்வொரு நாளும் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். கடைசியில் குண்டு நிற்குமோ நிற்குமோ என்று பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடிக்க, நிற்காமல் ஊர்ந்து ஊர்ந்து அடியில் வந்து சேர்ந்தது. டீச்சர் கைதட்டினார். அந்தச் சத்தத்தில் நான் மெதுவாகக் கேட்டேன்.

"இதை என்னால தனியாத் தூக்கிட்டுப் போவ முடியாது. வாரியா?"

அவள் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாரேன்" என்றாள். அடுத்த நொடியே அவள் முகம் வெளுத்துவிட்டது.

போட்டி நாளன்று அவள் அம்மா செய்தித்தாளைக் கூம்பு கூம்பாக மடித்து ஒரு கட்டே கொடுத்துவிட்டார், வழியில் வாந்தி எடுக்க. டீச்சர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். எங்கள் அட்டைமலை எந்தச் சீட்டிலும் அடங்கவில்லை. கண்டக்டர் மேலே போடச் சொன்னார். டிரைவர் குப்புசாமி அண்ணன்தான் மனமிரங்கித் தன் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் வைத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் இருவரும் முன்சீட்டில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

பிரியா வழக்கம்போலத் துண்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் வளைவிலேயே அட்டைமலை சரிந்து, ஒரு தூண் வளைந்தது.

"பாத்துப் புடிங்க கண்ணு, இன்னும் அறுபத்தொம்பது கெடக்குது" என்றார் டிரைவர்.

பிரியா துண்டை உருவி எறிந்தாள். "வளைவு வாரதுக்கு முன்னாடியே நான் சொல்றேன், நீ எதுத்த பக்கம் அழுத்திப் புடி." பிறகு அவள் கண் ரோட்டை விட்டு அகலவில்லை. "எடது... விடு, இப்ப வலது... இது பெருசு, புடி, புடி!" பாதி மலை இறங்கியபிறகுதான் எனக்கு உறைத்தது, அவள் இன்னும் ஒரு கூம்பைக்கூட எடுக்கவில்லை. சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. அடிவாரம் காரவள்ளி வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காளப்பநாயக்கன்பட்டி தாண்டியதும் நேரான ரோடு. பிடிக்க வேண்டிய அவசியமில்லை. அவள் சாய்ந்து கண்ணை மூடினாள். மூடியவள் உடனே எழுந்து, "அண்ணா, நிறுத்துங்க!" என்றாள். புளியமரத்தடியில் நன்றாக எடுத்தாள்.

"எழுவது வளைவுல வராதது சமரோட்டுல வந்துருச்சே சாமி" என்று குப்புசாமி அண்ணன் ஸ்டியரிங்கில் தலைவைத்துச் சிரித்தார். வாயைக் கொப்பளித்துக்கொண்டே பிரியாவும் சிரித்தாள். பிறகு ஏறியவள் நாமக்கல் வரும்வரை ரோட்டைப் பார்த்தபடியே இருந்தாள். மறுபடி ஒன்றும் ஆகவில்லை.

போட்டி நடந்த மண்டபத்தில் மற்றப் பள்ளிகளின் கோஸ்டர்கள் கலர் காகிதத்தில் மின்னின. எங்களுடையதில் திரும்பின பக்கமெல்லாம் மணமகன், மணமகள். நடுவராக வந்த அம்மாள் குனிந்து படித்துப் பார்த்து, "இதுல எத்தனை கல்யாணம்மா நடந்திருக்கு?" என்றார். வளைந்த தூணைச் சரிசெய்தோம். பிரியா குண்டை விட்டாள். அழகாக இறங்கியது. நாலைந்து வளைவு தாண்டி அடுத்த வளைவில் தயங்கி, அப்படியே நின்றுவிட்டது.

பக்கத்து மேசைப் பையன்கள் சிரித்தார்கள். தூணைப் பார்த்தோம், சரியாக இருந்தது. பாதையைத் தடவினோம், எங்கும் பிசிறில்லை. பள்ளியில் ஒருநாள்கூட இப்படி நின்றதில்லை. பிரியாவின் கண் கலங்கிவிட்டது.

"வா போலாம். இதுக்குத்தான் நான் வரலைன்னேன். இனி நான் கீழயே வரமாட்டேன்."

எனக்குப் போட்டி போனால் போகட்டும். ஒட்டிப்போட்ட இரண்டு கட்டில்களும் கண்முன்னால் பிரிந்து போவதுபோல இருந்தது. கோபம் தலைக்கேறியது. "போடி, எல்லாத்துக்கும் வரமாட்டேன் வரமாட்டேன்னுட்டு!" என்று கத்திக் கையிலிருந்த குண்டை மேசையில் டொக்கென்று வைத்தேன்.

பிரியா அழுகையை நிறுத்தி மேசையைப் பார்த்தாள்.

"கோகிலா, குண்டு நிக்குதுடி!"

"நின்னா நிக்கட்டும்!"

"நம்ம கிளாஸ்ல தரையில வெச்சா நிக்குமா? வாசப்படிக்கு ஓடாது?"

அப்போதுதான் புரிந்தது. எங்கள் வகுப்பறைத் தரை வாசல் பக்கமாகச் சரிவு. வகுப்பறை மட்டுமா, வீடு, களம், விளையாடுகிற இடம் எல்லாமே சரிவுதான். பிறந்ததிலிருந்து அதில் நடந்த எங்களுக்கு அது சரிவு என்றே தெரியாது. அந்தச் சரிந்த தரையில் வாசலைப் பார்க்க வைத்துத்தான் பிரியா மயிரிழை அளவுக்குப் பார்த்துப் பார்த்துப் பாதையைச் சாய்த்திருந்தாள். நாமக்கல்லின் சமமான மேசையில் அது போதவில்லை.

"பின்பக்கம் ஏதாச்சும் வெக்கோணும்" என்றாள். நான் செங்கல் தேடி ஓடப் பார்த்தேன்.

"காகிதந்தான் வெக்கலாம்" என்று அவள் பையைத் திறந்தாள். அம்மா கொடுத்த கூம்புக் கட்டு பிரிக்காமல் அப்படியே இருந்தது. நடுவர் அம்மாவிடம் காட்டிக் கேட்டோம். காகிதம்தானே, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எதற்கு மடித்தது என்று நாங்கள் சொல்லவில்லை. பின்விளிம்பின் அடியில் ஒவ்வொன்றாகச் செருகி, அடித்தட்டில் வைத்த குண்டு எங்கள் வகுப்பறைத் தரையில் ஓடுகிறமாதிரியே ஓடும்வரை தூக்கினாள்.

இரண்டாவது முறை குண்டு இறங்க ஆரம்பித்தபோது சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் அது பாதி இறங்குவதற்குள் எங்கள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒவ்வொரு வளைவிலும் நிற்கப்போவதுபோலத் தயங்கி, மனசு மாறியதுபோலத் திரும்பி, ஊர்ந்துகொண்டே இருந்தது. அடியில் வைத்த அட்டை டப்பாவில் வந்து விழுந்த சத்தத்துக்கு நான் பிரியாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியது ராசிபுரம் பக்கத்து அணி. அவர்களுடையது நன்றாகத்தான் இருந்தது என்று இன்றுவரை நான் ஒத்துக்கொண்டதில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நின்றபடி பிரியா கேட்டாள்: "அந்த கணக்கு குரூப் இருக்கற ஸ்கூல் எந்தப் பக்கம் புள்ள? முன்னாடி சீட்டுக் கெடைச்சா நான் வந்துருவேன்."

அன்று வந்த சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மலை ஏறும்வரை பேசிக்கொண்டே வந்தோம், அவள் ரோட்டைப் பார்த்தபடி, நான் அவளைப் பார்த்தபடி. சென்றாயன் மாமாகூட மகள் தெளிவாக இறங்கி வந்ததைப் பார்த்துவிட்டு ஹாஸ்டலுக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டார்.

பத்தாவது பரீட்சை முடிந்த வாரம் என் அப்பா மிளகு பறிக்க, கொடி படர்ந்த சவுக்கு மரத்தில் ஏணி சாத்தி ஏறியவர், விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். தம்பியும் தங்கையும் சின்னதுகள். அம்மா ஒருத்தியாகக் காட்டையும் பார்த்து அப்பாவையும் பார்க்க முடியாது. யாரும் என்னை நிறுத்தவில்லை. நானே நின்றேன். "நீ வராட்டி நானும் போவல" என்று பிரியா வீம்பு பிடித்தாள். "போகாம இருந்து பாரு, உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்" என்று விரட்டினேன்.

இப்போது அவள் ஓசூரில் இன்ஜினியர். பொங்கலுக்கு வந்தால் பாதி நாள் என் கடையில்தான் உட்கார்ந்திருப்பாள். பழம் விற்கக் கூவுவாள், விலையைத் தப்புத் தப்பாகச் சொல்வாள். எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஜூன் மாதக் காலை மட்டும் இந்தப் பஸ் ஸ்டாப்பில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

நான்தான் ஓடிப்போய் முன்சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்தேன். டிரங்குப் பெட்டியை அவள் அப்பா ஏற்றினார். அவள் உட்கார்ந்ததும் சன்னல் வழியாகச் சொன்னேன்: "ரோட்டையே பாரு. இங்கிட்டு அங்கிட்டு திரும்பாதே. என்னையும் பாக்காதே."

தலையாட்டினாள். பஸ் கிளம்பியது. பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன். முதல் வளைவில் பஸ் திரும்பும்போது அவள் தலை தெரிந்தது, நான் சொன்னபடியே அசையாமல், நேராக. திரும்பிப் பார்க்கவே இல்லை. நல்லவேளை, குமட்டாமல் போய்விடுவாள் என்று முதலில் நிம்மதியாக இருந்தது. ஒரே ஒரு தடவை திரும்பியிருக்கலாம் என்று அப்புறம்தான் அழுதேன்.